அம்மா உணவகம்: நிர்வாகச் செலவு

அம்மா உணவகம், சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில் சாந்தோமில் தொடங்கிய மலிவு விலை உணவகத் திட்டம். இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3, சாம்பார்சாதம் 5 என விலை வைக்கப்பட்டது.

நிர்வாகச் செலவைப் பொறுத்தவரை இதன் சிறப்பு, யார் ஏழை என்று பிரித்துப் பார்க்காததே. குடும்ப அட்டையோ வருமானச் சான்றோ கேட்பதில்லை. டோக்கன் வாங்கினால் சாப்பாடு. இதற்கு மாறாக, அமெரிக்காவில் காய்கறி, பழம் வாங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஊக்கத்தொகை தரும் திட்டங்களில் பயனாளியைச் சரிபார்க்கவும், கடைக் கணினிகளை இணைக்கவும், கணக்கு ஒப்படைக்கவும் தனிச்செலவு உண்டு. அம்மா உணவகத்தில் அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. ஏழையை வரிசையில் நிறுத்தி விசாரிக்காத இந்த ஏற்பாடு மரியாதையானதும்கூட.

மகளிர் சுயஉதவிக் குழுவினரின் கூலி, எரிவாயு, காய்கறி, பாத்திரம், கட்டடப் பராமரிப்பு ஆகியவையே முக்கியச் செலவுகள். அரிசி சலுகை விலையில் வருகிறது. விற்பனை வருவாய் செலவை ஈடுகட்டாது. மீதியை மாநகராட்சி ஏற்கிறது. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் செலவு சேர்ந்து வரும்: 2024 ஜூலையில் சீரமைப்புக்கும் புதிய பாத்திரங்களுக்கும் 21 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது; பணியாளரின் தினக்கூலி 300 ரூபாயிலிருந்து 325 ஆனது.