திருகோணமலையிலிருந்து சென்ற கப்பல்: வாந்திபேதியின் வரலாறும் அண்மைக்கால நுண்ணங்கியியலும்

1819ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிற் பிரித்தானியக் கடற்படைக்குரிய 'டோப்பாஸ்' என்னும் போர்க்கப்பல் திருகோணமலையிலிருந்து சென்று மொறீசியஸ் தீவின் போட் லூயிஸ் துறைமுகத்தை அடைந்தது. நவம்பரில் அந்நகரில் வாந்திபேதி வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மாண்டவருட் பெரும்பாலோர் அடிமைகள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கொண்டுசெல்லப்பட்ட தமிழ்க் கைவினைஞர் 'மலபார் முகாம்' எனப் பெயர் பெற்ற புறநகரொன்றில் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கப்பல் நோயைக் கொண்டுவந்ததா, அன்றித் தீவின் காற்றிலும் மண்ணிலும் அது தானாகத் தோன்றியதா என்ற வினா அன்றே எழுந்தது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வினா தன் அடிப்படை வடிவத்தை இழக்கவில்லை. பற்றீரியா, வைரசு, அவற்றுக்கு இடமளிக்கும் உயிர்கள் ஆகியவற்றுக்கிடையிலான உறவுகள் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள், அவ்வினாவை வரலாற்று மாணவர் புதிதாக நோக்க வேண்டிய நிலையைத் தோற்றுவித்துள்ளன. இலக்கியத் துறையினன் இதிற் புகலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். நோயை எவரிடமிருந்து வந்ததாகச் சொல்லுகின்றனர் என்பது முதலில் ஒரு கதையாடற் பிரச்சினை. அவ்வளவுக்கேனும் எமக்கு அதில் உரிமையுண்டு.

நோய் திருகோணமலையை அடைந்த வழியை முதலில் நோக்குவோம். 1817இல் வங்காளத்து ஜெசோர் மாவட்டத்திற் பெருந்தொற்றாக வெளிப்பட்ட வாந்திபேதி, கும்பினிப் படைகளும் வணிகரும் யாத்திரிகரும் சென்ற பாதைகள் வழியே பரவி 1818இற் சென்னை மாகாணத்தை எட்டியது. அதே காலத்தில் இலங்கையில் ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்குவதற்காக இந்தியாவிலிருந்து துருப்புகள் வரவழைக்கப்பட்டன. 1819இல் இலங்கையிலும் நோய் நிலைகொண்டிருந்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பறிக்கப்பட்ட திருகோணமலை, இக்காலத்திற் பிரித்தானியரது கிழக்கிந்தியக் கடற்படையின் தளமாக வளர்ந்துகொண்டிருந்தது. லிங்கநகர் முதலாய குடியிருப்புகளை இன்று தன்னகத்தே கொண்டுள்ள இத்துறைமுகப் பகுதியின் முக்கியத்துவம், எந்தக் காற்றுக் காலத்திலும் கப்பல்கள் தங்கிப் பழுதுபார்த்து நன்னீர் நிரப்பிச் செல்லக்கூடிய இயற்கை அமைப்பிலேயே தங்கியிருந்தது. நன்னீர் ஏற்றுமிடமே நோய் ஏறுமிடமாகவும் இருக்கக்கூடும் என்பதை அக்காலத்தார் அறிந்திலர்.

போட் லூயிசில் நிகழ்ந்த விவாதம் சுவையானது. பிரெஞ்சு வழிவந்த குடியேற்றத்தார் கப்பலையே குற்றஞ்சாட்டினர். பதில் ஆளுநராயிருந்த ரால்ஃப் டார்லிங், தடைகாப்பு விதிகளை மீறக் கடற்படைக்கு இடமளித்தார் என்பது அவர்கள் வாதம். அரசு சார்ந்த மருத்துவரோ நோய் தொற்றுவதன்று, காலநிலையால் தோன்றுவது என்றனர். தம்மைக் குறைகூறிய குடியேற்றத்தாரின் சபையை டார்லிங் இடைநிறுத்தினார். இரு தரப்பினரும் அறிவியல் பேசினர். ஆயின் ஒரு தரப்புக்குத் தனது கடற்படையின் தடையற்ற நடமாட்டம் வேண்டியிருந்தது, மறுதரப்புக்குத் தனது அடிமைகள் என்ற உடைமையின் இழப்பு உறுத்தியது. உயிரிழந்த அடிமைகள் எதனை நோயின் காரணமாகக் கருதினர் என்பதை இவ்விவாதத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. கப்பலைப் பாதுகாப்பதற்காக நோய் தொற்றாது என்று வாதிட்ட அதே பேரரசு, தொழிலாளர் நடமாட்டம் என்று வந்ததும் நோயைத் தொழிலாளியின் உடலிலேயே கண்டது. இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில், மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்த தமிழ்க் கூலிகள் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழிநெடுக மடிந்தனர். 1841க்கும் 1848க்கும் இடையில் 70,000 பேர் இறந்திருக்கலாமென அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று கணித்தது. அத்தொகை மிகையெனக் கருதும் ஆய்வாளரும் உளர். தொகை எதுவாயினும், அப்பாதையிற் கல்லறைகள் இல்லை. திருகோணமலையிலோ ஒரு கல்லறை உண்டு. கிழக்கிந்திய, சீனக் கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின், இரண்டாம் பர்மியப் போரின்போது 1852 ஒக்டோபரில் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தார். அவரது உடல் இங்கு அடக்கஞ் செய்யப்பட்டது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் என்பதால் ஆங்கில இலக்கிய ஆர்வலர் அக்கல்லறையைத் தேடி வருவதுண்டு. கிருமி வர்க்கம் பார்ப்பதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவர் சிலர். தளபதியும் கூலியும் ஒரே நோயால் இறந்தனர் என்பது உண்மைதான். ஆயினும் எத்தனை பேருள் எத்தனை பேர் இறந்தனர், எத்தகைய நீரைக் குடித்து இறந்தனர் என்று கேட்குமிடத்து அவ்வாதம் நில்லாது போகிறது.

தொழிலாளரை நோயின் ஊர்தியாகக் காணும் நோக்கு இருபதாம் நூற்றாண்டில் நிறுவன வடிவம் பெற்றது. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் அமைந்த முகாம்களில் இலங்கைக்குச் செல்லவிருந்த தோட்டத் தொழிலாளர் பல நாள் தடுத்துவைக்கப்பட்டனர். உடைகள் நீராவியிலிடப்பட்டன, ஊசி ஏற்றப்பட்டது. பொதுச் சுகாதார நோக்கில் அம்முகாமுக்குப் பயன் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வந்தவர் சென்று குடிபுகுந்த 'லயன்' வரிசைகளின் கழிவிடங்களும் குடிநீரும் அதே கண்டிப்புடன் பரிசோதிக்கப்படவில்லை. 1983இன் பின்னர் அதே மண்டபம் முகாமில், திருகோணமலையார் பலர் உட்பட, இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கவைக்கப்பட்டனர். முகாம்களுக்கும் தமது வரலாறு உண்டு.

இனி அறிவியலுக்கு வருவோம். 1854இற் புளோரன்ஸ் நகரில் பிலிப்போ பசினி இந்நோயின் நுண்ணங்கியை முதலிற் கண்டு விவரித்தார், எவரும் பொருட்படுத்தவில்லை. 1884இல் ரொபேட் கொக் கல்கத்தாவிலிருந்து அதனை நிறுவினார். கிருமி உடலினுள் என்ன செய்கிறது என்ற வினாவுக்கு விடை காண மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. கிருமியை முற்றாக வடிகட்டி நீக்கிய நீர்மமே முயலின் குடலில் நீர் பெருகச் செய்வதை 1959இற் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே காட்டினார். கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு என்பது அவ்வாறு நிலைநாட்டப்பட்டது. வசதி குன்றிய ஆய்வுகூடமொன்றில் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்புக்கு அவர் நாட்டிலேயே உரிய மதிப்பு நெடுங்காலம் கிட்டவில்லை.

வியப்புக்குரிய திருப்பம் 1996இல் நேர்ந்தது. அந்நஞ்சுக்குரிய பரம்பரை அலகுகள் உண்மையிற் பற்றீரியாவுக்குச் சொந்தமானவையல்ல, அதனைத் தொற்றிய நூல்வடிவ வைரசு ஒன்றுக்குரியவை என மத்யூ வோல்டரும் ஜோன் மெக்கலனொசும் நிறுவினர். கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் நுண்ணிய இறால் இனங்களில் ஒட்டி வாழும் இப்பற்றீரியாவின் பெரும்பாலான வகைகள் பெருந்தொற்றை உண்டாக்குபவையல்ல. அவ்வைரசு பற்றீரியாவினுட் புகுவதற்குப் பற்றிக்கொள்ளும் நுண்ணிழை, குடலிற் குடியேறுவதற்குப் பற்றீரியாவுக்கு வேண்டிய அதே நுண்ணிழையாகும். சுண்டெலிகளில் நடத்திய சோதனைகளில் இத்தொற்று ஆய்வுகூடக் கலத்தைவிடக் குடலினுள்ளேயே செவ்வையாக நிகழ்ந்தது. எனவே தீங்கற்ற நீர்வாழி கொல்லியாக மாறும் இடம் விலங்கின் குடலாகவே இருக்கக்கூடும்.

நமது பாடநூல்கள் நோயேற்கும் உயிரியை 'விருந்துவழங்கி' என்று மொழிபெயர்க்கின்றன. விருந்தோம்பலை அறமாகப் போற்றிய மொழியில் இச்சொல் சற்று நகைப்பூட்டுவதே. ஆயினும் அதிற் பொருத்தமும் உண்டு. மனிதன் பற்றீரியாவுக்கு விருந்துவழங்கி. பற்றீரியா வைரசுக்கு விருந்துவழங்கி. வந்த விருந்தாளியோ வீட்டுக்காரனின் இயல்பையே மாற்றிவிடுகிறது. இங்கே எதனைத் தனியே பிரித்து 'நோய்க்காரணம்' என்று சுட்டுவது? ரிச்சட் லெவின்சும் ரிச்சட் லெவன்ரினும் 1985இல் வெளியிட்ட இயங்கியல் உயிரியல் பற்றிய நூலில், உயிரியும் சூழலும் ஒன்றையொன்று ஆக்கிக்கொள்கின்றன என வலியுறுத்தினர். பதினோராண்டின் பின் வந்த இக்கண்டுபிடிப்பு அக்கூற்றுக்கு உரை எழுதியதுபோலத் தோன்றுகிறது.

பற்றீரியாவை அழிக்கும் வைரசுகளும் உண்டு. அவற்றின் கதை நம் பிரதேசத்தோடு நெருங்கிய தொடர்புடையது. கங்கை, யமுனை நீருக்கு வாந்திபேதிக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டென ஆக்ராவிலிருந்த ஏணெஸ்ற் ஹன்கின் 1896இல் எழுதினார். அவர் கண்டது வைரசுதானா என்பதிற் பின்வந்தோருக்கு ஐயமுண்டு; புனிதப் பெருமை பேசுவோர் அவ்வையத்தைக் குறிப்பிடுவதில்லை. 1917இல் இவ்வைரசுகளுக்குப் பெயரிட்ட பெலிக்ஸ் டெரெல், 1927இல் இந்தியா வந்து பஞ்சாபின் கிணறுகளில் அவற்றை இட்டுப் பார்த்தார். அசாமிலும் பரந்த முயற்சிகள் நடந்தன. ஐயத்துக்கிடமற்ற முடிவு கிட்டாமலே 1930களில் அவை கைவிடப்பட்டன. டெரெல் பின்னர் சோவியத் ஜோர்ஜியாவுக்குச் சென்று தமது நண்பர் ஜோர்ஜி எலியாவாவுடன் பணிபுரிந்தார். அங்கு உருவான நிறுவனம் இன்றும் அத்துறையில் இயங்குகிறது. எலியாவாவோ 1937இல் ஸ்டாலினிய அடக்குமுறைக்குப் பலியாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்னதைப் பெருமையுடன் கூறும் முற்போக்காளர் பின்னதையும் கூறக் கடமைப்பட்டவர்.

அண்மைய ஆய்வுகள் இத்துறையை மீள உயிர்ப்பித்துள்ளன. டாக்கா நீர்நிலைகளில் அழிக்கும் வைரசுகள் பெருகும்போது கிருமிகள் அருகுவதை 2005இற் பாருக் குழுவினர் காட்டினர். பற்றீரியா தன்னைக் காக்கும் எதிர்ப்பு முறையொன்றை வைரசே கவர்ந்து, அதே பற்றீரியாவுக்கு எதிராகப் பயன்படுத்துவதைக் கிம்பர்லி சீட் குழுவினர் 2013இல் வெளியிட்டனர். பங்களாதேஷ் நோயாளரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளிவந்த ஆய்வு, கிருமிக்கு ஒப்பான அளவில் இவ்வைரசு மிகுந்திருந்தவரிடம் நீரிழப்பின் கடுமை குறைவாயிருந்ததாகக் கூறுகிறது. இப்போராட்டம் முடிவற்றது, ஒவ்வோராண்டும் புதிய படைக்கலம், புதிய கவசம். 1992இற் சென்னையில் முதன்முதல் இனங்காணப்பட்ட 'ஓ139' வகையும் வேற்றுக் கிருமியிடமிருந்து பெற்ற பரம்பரை அலகுகளால் உருவெடுத்ததே.

இவற்றைப் படிக்கும் வரலாற்று மாணவன் இரு வழிகளில் இடறக்கூடும். நோய் குறித்த ஓரினத்தின் உடலிற் குடியிருப்பது என்னும் தோட்டத்துரைமாரின் கோட்பாடு இவ்வாய்வுகளால் ஆதாரமற்றுப் போகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எல்லாம் நீரின், காலநிலையின், வைரசின் திருவிளையாடல் என்று கொண்டால், போட் லூயிசின் அரசாங்க மருத்துவர் புதிய உடையில் திரும்பிவிடுவர். கிருமி கழிமுகத்தில் என்றும் இருக்கலாம். மலமும் குடிநீரும் கலக்கும் இடம் எவர் வாழுமிடத்தில் அமைகிறது என்பதைக் கழிமுகம் தீர்மானிப்பதில்லை.

இது வெறும் ஊகமன்று. 2010 ஒக்டோபரில் ஹெயிற்றியில் வாந்திபேதி வெடித்தபோது, சூழலும் காலநிலையும் காரணமென ஒரு சாரார் வாதிட்டனர். ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் நேபாளப் பிரிவு தங்கிய முகாமின் கழிவு ஆற்றிற் கலந்ததை வேறு சிலர் சுட்டினர். மறு ஆண்டிலேயே இரு நாட்டுக் கிருமிகளின் பரம்பரைத் தொடர் ஒப்பிடப்பட்டு அவை ஏறத்தாழ ஒன்றேயெனக் காட்டப்பட்டது. 'டோப்பாஸ்' கப்பல் பற்றி எவராலும் செய்ய முடியாதிருந்த ஒப்பீடு அது. இறந்தோர் ஏறத்தாழப் பத்தாயிரம். சட்ட விலக்குரிமையைக் காட்டி ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு வழக்கிலிருந்து தப்பியது. 2016 டிசெம்பரில் அதன் செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெயிற்றி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். மொறீசியசில் எவரும் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ரால்ஃப் டார்லிங் 1825இல் நியூ சவுத் வேல்சின் ஆளுநராகப் பதவியேற்றார்.