17 நொடியும் 12 நிமிடமும்

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் நாலைந்து கிழவர்கள் மாலையில் உட்காருவோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எங்களில் மூத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். வெளியூர் வாசகர்களுக்காக இந்த விளக்கம். அவருக்கு வயது 82. நான் அவரை அண்ணே என்பேன். எனக்கு 76 ஆன பிறகும் அவருக்கு நான் தம்பிதான்.

2025 செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டார்: "தம்பி, நீ பேப்பர் எல்லாம் படிக்கிறவன். சொல்லு. சண்டை வருமா?"

அவருடைய பேரன் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறான். அப்போது எஸ்தோனியாவில் டாபா என்ற ஊரில் முகாம். பிரான்ஸ் 2017 முதல் அந்த நாட்டுக்குத் துருப்பு அனுப்பி வருகிறது. அங்கே பொறுப்பு பிரிட்டிஷ் படைக்கு. "நான் இருந்த காலத்தில் இங்கிலீஷ்காரன் கீழே வேலை செய் என்றால் எங்க கொமாந்தான் ராஜினாமா கொடுத்திருப்பார்" என்று அண்ணன் முதலில் சிரித்தவர்தான். அன்று சிரிக்கவில்லை. செப்டம்பர் 19ஆம் தேதி மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் எஸ்தோனியாவின் வைந்த்லோ தீவருகே வான் எல்லைக்குள் புகுந்து 12 நிமிடம் பறந்திருந்தன. பயணத் திட்டம் கொடுக்கவில்லை, அடையாளம் சொல்லும் கருவியை அணைத்துவிட்டார்கள், வானொலியில் கூப்பிட்டால் பதில் இல்லை.

"பன்னெண்டு நிமிஷம்! துருக்கிக்காரன் அன்னைக்கு பதினேழு நொடிக்கே சுட்டுத் தள்ளினான் இல்ல? இவனுங்க ஏன் சுடல? இனிமே சுடுவானுங்களா?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். அதன் விளைவுதான் இது.

முதலில் அந்த ஒப்பந்தம். 1949 ஏப்ரல் 4, வாஷிங்டன். 12 நாடுகள் கையெழுத்திட்டன. நான் பிறந்த வருடமும் அதுவே. மொத்தம் 14 ஷரத்துதான். ஆங்கில மூலமும் பிரெஞ்சு மூலமும் சம மதிப்புள்ளவை. ஆங்கிலத்தில் என்-ஏ-டி-ஓ என்றால் பிரெஞ்சில் அதே நான்கு எழுத்துகள் தலைகீழாக ஓ-டி-ஏ-என் என்று வரும். பள்ளியில் பிரெஞ்சில் படித்துவிட்டு அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்பைப் பார்த்த எனக்கு, இரண்டும் ஒன்றே என்று புரியக் கொஞ்ச காலம் ஆனது.

எல்லோரும் பேசுவது ஐந்தாம் ஷரத்தை. ஒருவர் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் எல்லோர் மீதும் நடந்ததாகக் கொள்ளப்படும் என்பது அது. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று படுகிற நடவடிக்கையை எடுக்கும், ஆயுத பலம் உட்பட, என்று போகிறது. "தனக்குத் தேவையென்று படுகிற" என்ற சொற்களை எவ்வளவு யோசித்துப் போட்டிருப்பார்கள்! முப்பத்தைந்து வருடம் வரைவு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு சொற்றொடர் தற்செயலாக வந்து விழாது. தானாகப் போரில் இழுக்கப்பட அமெரிக்க செனட் சம்மதிக்காது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் ஷரத்து இதுவரை ஒரே ஒரு முறைதான் கையில் எடுக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் அது. ஐரோப்பா அமெரிக்காவைக் காப்பாற்றப் போன கதை அது. நேட்டோவின் ஏழு ரேடார் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து போய் 2002 மே வரை அமெரிக்க வானத்தில் காவல் சுற்றின.

வான் எல்லைத் தகராறுகளில் நடைமுறையில் வேலை செய்வது நான்காம் ஷரத்து. எந்த உறுப்பு நாட்டுக்காவது தன் நிலமோ சுதந்திரமோ பாதுகாப்போ ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் எல்லோரும் கூடிப் பேச வேண்டும். அவ்வளவே. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். கோப்பு மேலே போகும். அதிகாரி ஒப்புதலும் தரமாட்டார், நிராகரிக்கவும் மாட்டார். ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திருப்புவார். நான்காம் ஷரத்து அந்தப் "பேசவும்"தான். இதில் கேலி எதுவும் இல்லை. "பேசவும்" என்று வந்த கோப்பு எத்தனையோ சமயம் பெரிய தப்பைத் தடுத்திருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் அந்தக் கவுன்சிலில் ஓட்டெடுப்பும் கிடையாது. எல்லோரும் சம்மதிக்கும் வரை பேச வேண்டும்.

ஆறாம் ஷரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. எந்தெந்த இடம் தாக்கப்பட்டால் ஐந்தாம் ஷரத்து பொருந்தும் என்ற பட்டியல் அது. ஐரோப்பா, வட அமெரிக்கா, கடக ரேகைக்கு வடக்கே உள்ள வட அட்லாண்டிக் தீவுகள். பிரான்ஸ் வற்புறுத்தியதால் அல்ஜீரியாவும் அதில் இருந்தது. 1949இல் பாண்டிச்சேரியும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது, ஆனால் நாங்கள் பட்டியலில் இல்லை. கோவாவும் இல்லை. 1961 டிசம்பர் 18 அன்று இந்திய விமானப்படையின் கான்பெரா விமானங்கள் கோவாவின் டபோலிம் ஓடுதளத்தில் குண்டு போட்டன. போர்த்துகல் நேட்டோவின் நிறுவன உறுப்பினர். உறுப்பு நாட்டின் கொடி பறந்த மண்ணின் வானத்தில் இதைவிடப் பெரிய மீறல் என்ன வேண்டும்? ஆனால் கூட்டணி அசையவில்லை. அசைய வேண்டிய கடமை அந்த ஒப்பந்தப்படி அதற்கு இல்லை. எனக்கு அப்போது 12 வயது. பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் ரேடியோவைச் சுற்றி நின்று கோவா செய்தி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று தெரியவில்லை.

இனி அண்ணன் கேட்ட அந்த 17 நொடி. அதைப் புரிந்துகொள்ள மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். 2012 ஜூன் 22 அன்று துருக்கியின் ஆர்எஃப்-4 வேவு விமானம் ஒன்றை சிரியா சுட்டு வீழ்த்தியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். சிரியா எங்கள் வானில் வந்தது என்றது. துருக்கியோ தவறிச் சற்று நேரம் உள்ளே போனது உண்மை, ஆனால் அடிபட்டது சர்வதேச வானில் என்றது. துருக்கி நான்காம் ஷரத்தின்படி கூட்டம் கேட்டது, கூடினார்கள், கண்டித்தார்கள். அதோடு துருக்கி தன் சொந்த விதியை மாற்றிக்கொண்டது. சிரியப் பக்கமிருந்து ஆபத்தாகத் தெரியும்படி எல்லையை நெருங்கும் எந்த ராணுவ இலக்கும் எதிரியாகவே கொள்ளப்படும் என்று அப்போது பிரதமராக இருந்த எர்டோகன் அறிவித்தார். இது நேட்டோ போட்ட விதி இல்லை, துருக்கி போட்டது. 2013இல் ஒரு சிரிய ஹெலிகாப்டர், 2014 மார்ச்சில் ஒரு மிக்-23 என்று அந்த விதியின்படி சுட்டும் வீழ்த்தியது. நேட்டோ சார்பில் ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா மூன்றும் 2013 தொடக்கத்தில் பேட்ரியாட் ஏவுகணைகளைத் துருக்கியில் கொண்டுவந்து வைத்தன.

2015 செப்டம்பர் கடைசியில் ரஷ்யா சிரியாவில் குண்டு போடத் தொடங்கியது. அக்டோபர் முதல் வாரத்திலேயே அதன் விமானங்கள் ஹடாய் மாகாணத்தின் மேல் துருக்கி வானத்துக்குள் வந்து போயின. நேட்டோ கவுன்சில் கூடிக் கண்டித்தது. இந்த ஹடாய், எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அட்லஸில் அலெக்ஸாந்த்ரெத் என்று இருந்தது. சிரியா பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது அதன் பகுதி. 1939இல் பிரான்ஸ் அதைத் துருக்கிக்கு விட்டுக்கொடுத்தது, சிரியா அதை மனதார ஏற்கவே இல்லை. வரைபடத்தில் பார்த்தால் துருக்கியின் வால் போலக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாகப் பறக்கும் விமானம் அந்த வாலின் நுனியை உரசாமல் போவது சிரமம்.

நவம்பர் 24 காலை. இரண்டு விமானங்கள் எல்லையை நெருங்கின, ஐந்து நிமிடத்தில் பத்து முறை எச்சரித்தோம், உள்ளே 1.15 மைல் நீளத்துக்கு 17 நொடி பறந்தன என்று துருக்கி ஐ.நா. பாதுகாப்பு சபைக்குக் கடிதம் எழுதியது. ஒன்று திரும்பிவிட்டது. மற்றதைத் துருக்கியின் எஃப்-16 சுட்டது. அது ரஷ்யாவின் சுகோய்-24. நாங்கள் எல்லையைத் தாண்டவே இல்லை என்றது ரஷ்யா. கணக்கு பார்க்கும் பழக்கம் விடவில்லை, நானும் போட்டுப் பார்த்தேன். 1.15 மைலை 17 நொடியில் கடந்தால் மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர்தான் வருகிறது. கடல் மைலாக எடுத்தாலும் 450. ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு அது ஆமை வேகம். எந்த எண் தப்போ, கடிதத்தை டைப் செய்தவருக்கே வெளிச்சம்.

விமானி ஒலேக் பெஷ்கோவ் பாராசூட்டில் இறங்கும்போதே கீழிருந்து சிரியக் கிளர்ச்சிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். இன்னொருவர் தப்பினார். மீட்கப் போன ஹெலிகாப்டர் அணியிலும் ஒரு ரஷ்ய வீரர் இறந்தார். முதுகில் குத்திவிட்டார்கள் என்றார் புதின். அன்று சாயந்திரமே பிரஸ்ஸல்ஸில் அவசரக் கூட்டம். துருக்கி அதை நான்காம் ஷரத்தின் கீழ்கூடக் கேட்கவில்லை, நடந்ததை விளக்க என்றுதான் கேட்டது. பொதுச்செயலர் ஸ்டோல்டன்பர்க் வெளியே வந்து, துருக்கியின் பக்கம் நிற்கிறோம், அதன் எல்லையை மதிக்க வேண்டும், எல்லோரும் நிதானமாக இருங்கள் என்றார். டிசம்பரில் துருக்கிக்கு ரேடார் விமானங்களும் கூடுதல் ரோந்தும் தர முடிவானது. ஒரு கூட்டாளி நாடு ரஷ்ய விமானத்தையே வீழ்த்திவிட்ட பிறகும் கூட்டணி எடுத்த நடவடிக்கை அவ்வளவுதான்.

மிச்சத்தைத் துருக்கி தனியாகத்தான் சுமந்தது. ரஷ்யா சிரியாவில் எஸ்-400 ஏவுகணைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. சுற்றுலாப் பயணிகளை நிறுத்தியது. துருக்கிப் பழம், காய்கறி பலவற்றுக்கும் தடை, தக்காளி உட்பட. ஏழு மாதத்தில், 2016 ஜூனில், எர்டோகன் வருத்தம் தெரிவித்துப் புதினுக்குக் கடிதம் எழுதினார். மறுமாதம் அங்கே ராணுவப் புரட்சி முயற்சி நடந்து தோற்றது. சுட்ட எஃப்-16இன் விமானிகளே அதன்பின் கைதானார்கள். அடுத்ததை நான் எழுதினால் கதை என்பீர்கள்: எந்த எஸ்-400ஐ ரஷ்யா துருக்கியை மிரட்டக் கொண்டுவந்ததோ அதையே துருக்கி 2017இல் விலைக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. 2019இல் அது வந்திறங்கியதும் அமெரிக்கா எஃப்-35 திட்டத்திலிருந்து துருக்கியை நீக்கியது. 17 நொடியின் கணக்கை நாலு வருடம் கழித்தும் தீர்க்க முடியவில்லை.

எஸ்தோனியாவுக்கு வருவோம். லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா மூன்றுக்கும் சொந்தப் போர் விமானங்கள் கிடையாது. 2004 முதல் மற்ற உறுப்பு நாடுகள் முறை வைத்துக் காவல் காக்கின்றன. செப்டம்பரில் இத்தாலியின் முறை. அதன் எஃப்-35கள் கிளம்பிப் போய் மிக்-31களை மறித்து வெளியே கொண்டுபோய் விட்டன. கவனியுங்கள்: வானம் எஸ்தோனியாவுடையது, விமானம் இத்தாலியுடையது, உத்தரவு நேட்டோ தளபதியுடையது. துருக்கியில் 2015இல் இவை மூன்றும் ஒரே கையில் இருந்தன. அங்கே 17 நொடியில் முடிவெடுக்க முடிந்ததற்கும், விளைவைத் தனியாகச் சுமந்ததற்கும் காரணம் அதுவே என்பது என் கருத்து. எஸ்தோனியா நான்காம் ஷரத்தின்படி கூட்டம் கேட்டது, 23ஆம் தேதி கூடினார்கள். அந்த விமானங்களால் உடனடி ஆபத்து இல்லை என்று கணித்ததால் சுடவில்லை என்றார் பொதுச்செயலர் ருட்டே. ரஷ்யா, வழக்கம்போல, எல்லையைத் தாண்டவில்லை என்றது.

ஆனால் சுடவே மாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அதற்குப் பத்து நாள் முன்புதான் போலந்துக்குள் ட்ரோன்கள் கும்பலாக நுழைந்தன. போலந்து விமானங்களும் நெதர்லாந்து எஃப்-35களும் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. ட்ரோனுக்குள் ஆள் இல்லை, மிக்-31க்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வித்தியாசம் சுடுகிறவனுக்கும் தெரியும், அனுப்புகிறவனுக்கும் தெரியும்.

இதையெல்லாம் மறுநாள் மாலை அண்ணனிடம் சொன்னேன். தக்காளிக் கதைக்கு மட்டும் சிரித்தார். கடைசியில், "அப்ப பேசிக்கிட்டேதான் இருப்பானுங்கன்ற" என்றார். "ஆமாண்ணே, பேசுற வரைக்கும் உங்க பேரனுக்கு முகாம்ல காவல் வேலைதான்" என்றேன்.

"பேசட்டும், பேசட்டும்" என்றவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார். பேரன் அனுப்பிய படம். கம்பளித் தொப்பியோடு நிற்கிறான், பின்னால் ஊசியிலை மரங்கள். டிசம்பரில் லீவாம். ஊருக்கு வந்தால் மீன் குழம்பு வேண்டும் என்று இப்போதே பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறான்.