பந்தோடு ஓடலாகாது

சேர்வராயன் மலையில் சமதரை அரிது. கரடியூர்க் காட்சிமுனையில் நின்றவர்க்கு இது நன்கு விளங்கும். கால்பந்துக்கு வேண்டிய பரப்பை மலைச்சரிவில் வெட்டி எடுப்பது எளிதன்று. கூடைப்பந்துக்கோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். இம்மலையிலிருந்து சேலத்துக் கல்லூரிகளுக்கு இறங்கிச் செல்லும் பிள்ளைகளும் அவ்வாட்டத்தை ஆடுகின்றனர். நாமும் பொழுதுபோக்காகப் பார்க்கிறோம். அதன் வரலாற்றை அறிந்து பார்ப்பவர்க்கு, அஃது ஒரு மறையுரையாகவே அமையும்.

இடநெருக்கடியே இவ்வாட்டத்தைப் பெற்றெடுத்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், குளிரால் வெளியே ஆட இயலாத 18 மாணவர்க்கு உள்ளரங்க ஆட்டம் ஒன்று தேவைப்பட்டது. இறையியல் கற்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் அப்பொறுப்பு வந்தது. முரட்டு ஆட்டங்களை அவர் ஆராய்ந்தார். பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான்; ஆகவேதான் மற்றவர் அவனை மறித்து வீழ்த்துகின்றனர். ஓட்டத்தை விலக்கிவிட்டால் வீழ்த்தவேண்டிய தேவையே இராது! எனவே, பந்தைப் பெற்றவன் நின்ற இடத்திலிருந்தே அதை எறிந்துவிட வேண்டும் என்பதைத் தம் 13 விதிகளுள் ஒன்றாக்கினார். பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் பொருத்தினார். தலைக்கு மேலுள்ள கூடையில் வன்மையாக எறிந்து பயனில்லை. பக்குவமாக எறிய வேண்டும். பந்தைத் தரையில் தட்டியபடி நகரலாம் என்பது பின்னர் வந்த வழக்கம். ஏந்திக்கொண்டு ஓடுவது இன்றும் குற்றமே.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வழியே கூடைப்பந்து நம் கல்வி நிலையங்களில் வேரூன்றியது. 1925-இல் இயேசு சபையார் சென்னையில் இலயோலா கல்லூரியை நிறுவினர். அதன் நிறுவனர் அருட்தந்தை பெர்ட்ராம் நினைவாக நடைபெறும் போட்டிகளில் கூடைப்பந்தும் இடம்பெற்றது.

அதே சபையாரின் சிகாகோ இலயோலா பல்கலைக்கழகம் இவ்வாட்டத்தின் வரலாற்றில் ஓர் ஏட்டையே எழுதியது. 1963-இல் அதன் முதல் ஐவருள் நால்வர் கறுப்பினத்தவர். தேசியப் போட்டியில் அவர்களை எதிர்கொள்ள வேண்டியதோ வெள்ளையர் மட்டுமே அடங்கிய மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி. கறுப்பினத்தவரோடு ஆடலாகாது என்பது மிசிசிப்பியின் எழுதாச் சட்டம். நீதிமன்றத் தடையாணையும் பிறந்தது. அது கைக்கு வந்து சேருமுன்னே அவ்வணியினர் மாநில எல்லையைக் கடந்துவிட்டனர். மார்ச் 15 அன்று, ஆட்டம் தொடங்குமுன், அணித்தலைவர்கள் ஜெர்ரி ஹார்க்னஸும் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கினர். இலயோலா 61–51 என வென்றது. மக்கள் நினைவில் நிலைத்தது அக்கைகுலுக்கலே. எட்டு நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், ஹார்க்னஸ் எறிய வழியின்றித் தோழர் லெஸ் ஹன்டரிடம் பந்தைக் கொடுத்தார். ஹன்டர் எறிந்தது தவறியது. விக் ரவுஸ் அதைத் தட்டிக் கூடையில் சேர்த்தார். 60–58 என வெற்றி கிட்டியது. அது மூன்று பேர் கைகளால் விளைந்தது.

நாமும் ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம். ஆயினும் இறந்தோர்க்கும் சாதிவாரியாக இடம் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் நம்மிடையே உள்ளன. சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கையில் அறிவித்தது. பாவம் என்று அறிந்த பின்னும் விட மனமில்லை. திருவிழாவின் முதல் மரியாதையானாலும் பங்குப் பேரவையின் இருக்கையானாலும், ஒரு குலத்தார் கைக்கு வந்தது மறு கைக்கு எளிதில் போவதில்லை. பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவிட்டு, ஏன் இத்தனை மோதல் என்று வியக்கிறோம்!

அடுத்த முறை கல்லூரித் திடல் ஒன்றைக் கடக்கும்போது சற்று நின்று பாருங்கள். பந்து கிடைத்த மாணவன் தலைநிமிர்ந்து, யாரிடம் கொடுக்கலாம் என்று சுற்றிலும் பார்ப்பான். நம் கைக்கு வந்தவற்றை ஏந்தி நிற்கும் நாமும் அவ்வாறு நிமிர்ந்து பார்க்கிறோமா?