ஒருவருக்குப் பன்மை

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் கான்சாபுரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கான்சாகிபின் பெயரால் அமைந்த ஊர் என்று சொல்வார்கள். மதுரைச் சீமையை நிர்வகித்து, பிறகு கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15-ஆம் தேதி மதுரையில் தூக்குமேடை ஏறிய முகம்மது யூசுப் கான்தான் அந்தக் கான்சாகிப். 'சாகிப்' என்பது மரியாதைச் சொல். ஜனங்களின் நாக்கில் தேய்ந்து 'சா' ஆகிவிட்டது.

இந்த மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே பேனா நின்றுவிடுகிறது. 'தூக்கிலிடப்பட்டான்' என்பதா, 'தூக்கிலிடப்பட்டார்' என்பதா? எஸ்.ஸி. ஹில் 1914-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். தலைப்பிலேயே கலகக்காரர் என்று பட்டம் கட்டினாலும், நவாபுக்கும் யூசுப் கானுக்கும் அந்தப் பாஷையில் ஒரே 'ஹி'தான். தமிழில் எழுதுகிறவனோ வினைமுற்றிலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

'ர்' விகுதி பலருக்கு உரியது. ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது உயர்த்திப் பேசும் வழக்கு என்று தொல்காப்பியர் ஒப்புக்கொண்டார். ஆனால் இலக்கண நெறி அல்ல என்றும் கையோடு சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? 'அவர்' ஒருவருக்கே போய்விட, பலருக்காக 'அவர்கள்' வந்தது. 'கள்' ஆதியில் அஃறிணைக்கு உரிய விகுதி! அதையும் விட்டுவைக்கவில்லை, 'கலெக்டர் அவர்கள்' என்று ஒற்றை ஆசாமிக்கே சூட்டிவிட்டோம்.

ஆங்கிலேயர்களும் யோக்கியர்கள் அல்ல. அவர்களுடைய 'யூ' ஒரு காலத்தில் பன்மை. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று பன்மையில் சொல்லும் வழக்கமும் பல நூற்றாண்டுப் பழசு. பண்டிதர்கள் கண்டித்தார்கள். 1850-இல் பார்லிமெண்டே ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டம் செய்தது; நம் நாட்டிலும் 1897-இல் அதே மாதிரிச் சட்டம் வந்தது. பேசுகிறவர்கள் 'தே'யை விடவில்லை. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. 'ஒருவர்' இருபாலுக்கும் பொது, பன்மை வினை கொள்ளும் என்று தொல்காப்பியரே வழி செய்திருக்கிறார்.

ஆனால் இந்தப் பன்மை எல்லாருக்கும் கிடைத்ததா? தெற்குச் சீமையில் தலை நரைத்த பண்ணையாளை நிலக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்பான். கிழவர் அவனை 'வாங்க, சின்ன முதலாளி' என்பார். அங்கே இலக்கணம் சாட்டையை விட வலித்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளோ தெய்வத்தையே 'நீ' என்றாள். அது பிரியம். அவளுக்கு நானும் 'ள்' தான் போடுகிறேன். 'ர்' போட்டால் யாரோ அயலூர் அம்மாள் போல ஆகிவிடுகிறது. ராஜராஜன் கோயில் 'கட்டினான்' என்றாலும் குறைவில்லை. தூக்கில் தொங்கியவருக்குப் போடும் 'ன்' அப்படிப்பட்டதல்ல. அதில் போலீஸ் செய்தியின் வாடை வீசுகிறது.

ஆகவே, கான்சாகிபுக்கு 'ர்' போட்டுவிட்டேன். அவரை எதிரியிடம் பிடித்துக் கொடுத்த சொந்த ஆட்களைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பலர், பன்மை தானாகவே அமைந்துவிட்டது.