மங்குப் பாலும் அம்மோனியாவும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் காஹாங். இன்று இவ்வட்டாரத்தில் செம்பனையே மிகுதி. எனினும் இங்குள்ள தமிழர் பலரின் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டி வாழ்ந்தவர்கள் ஆவர்.

அவர்கள் விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டச் சென்றனர். வெயில் ஏறுமுன் பாலோட்டம் மிகுதி என்பதே அதற்குக் காரணம். ஆனால் மங்கில் வடிந்த பால் நெடுநேரம் கெடாமல் நில்லாது. கத்தி, மங்கு, வாளி, காற்று ஆகியவற்றின் வழியே நுண்ணுயிர்கள் அதனுட் புகுந்து, பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்கும். ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதப்பவை. அமிலம் அவ்வேற்றத்தைத் தணிக்கவே, துகள்கள் ஒட்டிப் பால் உறைந்து நாறும்.

இதற்கு மாற்று அம்மோனியா. அது நுண்ணுயிரை ஒடுக்கும். பாலின் காரத்தன்மையை உயர்த்தித் துகள்களைப் பிரித்தும் வைக்கும். இம்முறைக்கு 1853-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான்சன் என்பார் காப்புரிமை பெற்றார். பிரேசில் ரப்பரின் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்ததோ 1877-இல்தான்! பின்னாளில், கப்பலேறும் செறிவூட்டிய பாலுக்கு எடையில் சுமார் 0.7 விழுக்காடு அம்மோனியா சேர்ப்பது வழக்கமாயிற்று. அதன் நெடி கண்ணையும் மூக்கையும் வருத்தியமையால், அளவை 0.2 விழுக்காடாகக் குறைத்து, துத்தநாக ஆக்சைடும் டி.எம்.டி.டி. என்னும் பொருளும் சேர்க்கும் முறையும் உருவாயிற்று. 1925-இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய ஆய்வுகளை வளர்த்தது. அக்கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதியாயிற்று.

சோதனைக் கூடத்திற்குச் செல்லும் மாதிரிப் பாலுக்கும் இக்காப்பு இன்றியமையாதது. குப்பியிலேயே பால் திரிந்துவிட்டால், அதிலுள்ள உலர் ரப்பரின் அளவைச் சரியாகக் கணிக்க இயலாது. அவ்வளவு வெறும் எண்ணன்று. பல தோட்டங்களில் வெட்டுவோரின் கூலிக் கணக்கும் அதனையே சார்ந்திருந்தது. மாதிரி பிழைத்தால் அடுப்பில் உலையும் பிழைக்கும்.

அம்மோனியா எத்துணை வலிய மருந்தாயினும், அழுக்கு மங்கில் விழுந்து முன்னரே கெட்ட பாலை அது மீட்காது. ஆதலால் இவ்வேதியியலின் முதற்படி, மங்கைத் துடைத்து, வாளியைக் கழுவிய தொழிலாளியின் கையிலேயே இருந்தது. ஆய்வேடுகளில் விழுக்காடுகள் உள்ளன; அக்கைகளுக்குரியோர் பெயர்கள் இல்லை.

மாணவர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் அம்மோனியா நெடியை நினைவுண்டா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். வகுப்பறையில் அதனையும் வரலாறாகவே நாம் படிப்போம்.