பூந்தமல்லி சாலையில் ஈறுகளின் கதை

பூந்தமல்லியிலும் ஆவடியிலும் ஒரு காலத்தில் காலைப் பல் துலக்கலுக்குத் தெருவோர வேப்பமரமே போதுமானதாக இருந்தது. குச்சியை ஒடித்து, நுனியை மென்று நாராக்கித் தேய்த்தார்கள். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உகந்தவையாகச் சொன்ன பழமொழியும் வெறும் பேச்சல்ல. அவற்றின் துவர்ப்பு ஈறை இறுக்கும்.

ஆனால் ஈறுக்கடியில் கல்லாய் இறுகிய பற்காரையைக் குச்சி எட்டாது.

அதற்குக் கருவி பிடித்த கை வேண்டும். சென்னையில் 1953இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1988இல் சவீதா பல் மருத்துவக் கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே, வேலப்பன்சாவடியில் வந்தது. காரையைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சை ஒரு பேருந்துப் பயண தூரத்துக்கு வந்ததை இந்தப் புறநகரின் பெரிய மாற்றங்களில் ஒன்றாகவே சொல்ல வேண்டும்.

காரையோடு போவது ஓர் உயிர்க்கூட்டம். பல் அழுக்கில் நுண்ணுயிர்கள் நெளிவதை டச்சுக்காரர் லேவன்ஹூக் 1683இலேயே எழுதினார். ஈறு நோயில் பெருகும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா சிகிச்சைக்குப் பின் குறைகிறது. அது வாயோடு நிற்பதில்லை. விழுங்கும் எச்சிலோடு குடலுக்கும் இறங்குகிறது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை எலிகளுக்குப் புகட்டியபோது குடல் பாக்டீரியாக்களின் கூட்டமே மாறிப்போனது. ஈறு சிகிச்சை மனிதக் குடலை எவ்வளவு மாற்றும் என்ற ஆராய்ச்சி இப்போது நடக்கிறது.