அச்சுத்தாளின் மினுக்கு

வணிகர் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் பெயரட்டைகளை அச்சிடுவோர், இக்காலத்தில் தாள் முழுவதையும் மங்கலாக விட்டுப் பெயரை அல்லது சின்னத்தை மட்டும் பளபளக்கச் செய்கின்றனர். வேண்டிய இடத்தில் மட்டும் நிறமற்ற வார்னீஷைப் பூசிப் புறவூதா ஒளியில் காட்ட, அது நொடிப்பொழுதில் இறுகிவிடுகின்றது. இவ்வித்தை நேற்றுப் பிறந்தது எனக் கருதுவோர் பலர். ஒளியால் இறுகும் பூச்சே புதிது; ஓரிடம் மினுங்க, ஓரிடம் மங்க அச்சிடும் எண்ணமோ மிகப் பழையது. அதன் வரலாற்றை அறிய விரும்புவோர், இன்றைய டோக்கியோ, எடோ எனப் பெயர் பூண்டிருந்த காலத்துக்குச் செல்லல் வேண்டும்.

அங்கே ஷோகுன்களின் ஆட்சியில் வாளேந்தியவன் மேலோன், வணிகன் கடையன். செல்வம் வணிகனிடம் குவிந்தது. மதிப்பு மட்டும் அவனுக்கு மறுக்கப்பட்டது. அவன் வீட்டார் உடுத்தும் துணிக்குக்கூட அரசாணை உண்டு. 1683இல் பொன்னிழை ஆடைகள் அவர்களுக்குத் தடுக்கப்பட்டன. அதே ஆண்டில் எச்சிகோயா என்னும் துணிக்கடை, ரொக்கத்துக்கு மட்டும், அனைவருக்கும் ஒரே விலை என அச்சிட்ட துண்டுத்தாள்களை நகரத்தில் வழங்கிப் பெரும் வாணிகம் நடத்தியது. (அத்தாள் வெறும் எழுத்தே. சொல்லுவதற்குச் செய்தி உள்ளவனுக்கு மினுக்கு எதற்கு?)

உருஷி என்னும் மரப்பாலைப் பன்முறை பூசி மெருகேற்றிய பெட்டிகள் செல்வர் வீட்டுப் பொருள்கள். 1720ஆம் ஆண்டை ஒட்டி, ஒகுமுரா மசனோபு முதலிய சித்திரக்காரர்கள் கறுப்பு மையில் விலங்குப் பசையை மிகுதியாகக் கலந்து, கூந்தலிலும் இடைக்கச்சையிலும் மட்டும் இட்டனர். அவ்விடங்கள் மெருகிட்ட பெட்டியைப் போல் ஒளிர்ந்தன. பெட்டி வாங்க இயலாதவன் அதன் பளபளப்பை மட்டுமாவது தாளில் வாங்கினான்.

பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோவின் செயல் இன்னும் துணிவானது. தடைக்குட்பட்ட நூல்களை வெளியிட்டமைக்காக 1791இல் அவர் சொத்தில் பாதியை அரசு பறித்தது. அவரோ ஒடுங்கிவிடவில்லை. 1794இல் ஷராகு வரைந்த நாடக நடிகர் முகங்களை, அப்பிரகப் பொடியால் மின்னும் கருமையான பின்னணியில் வெளியிட்டார். முகத்தை மங்கலாக விட்டுப் பின்புலத்தை ஒளிரச் செய்தமையால், முகம் தாளினின்று முன்வந்து நிற்பதுபோல் தோன்றுகின்றது.

1842இல் மற்றோர் ஆணை வந்தது. ஒரு படத்துக்கு ஏழெட்டு நிற அச்சுகளே இருத்தல் வேண்டும். விலை 16 மோனுக்கு மேற்படலாகாது. அதாவது ஒரு கிண்ணம் சேமியாவின் விலை! ஆயினும் நிறங்களை எண்ணும் அதிகாரி, நிறமே இல்லாத ஒன்றை எங்ஙனம் எண்ணுவான்? "முன்முக அச்சு" எனப்படும் முறை அத்தகையது. வழக்கமாகத் தாளைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகைத் தேய்ப்பர். இம்முறையிலோ, அச்சிட்டு முடிந்த தாளை நிமிர்த்தி, செதுக்கிய பலகைமேல் வைத்து, பன்றியின் கோரைப்பல் போன்ற வழுவழுப்பான பொருளால் முகப்பையே தேய்ப்பர். பலகையின் மேடுகள் பட்ட இடங்களில் கறுப்பு மை மெருகேறும். மையோ பூச்சோ ஒரு துளியும் கூடுவதில்லை. நேராகப் பார்த்தால் வெறுங் கறுப்பு அங்கி. தாளைச் சாய்த்தால் அதில் கட்டங்களும் பூக்களும் எழும். வெளியே மங்கிய பருத்தியும் உட்புறம் பட்டுமாக உடுத்த வணிகர்களுக்கு இது எத்துணை இன்பம் அளித்திருக்கும்! சட்டத்தை மீறாமலே சட்டத்தைப் பார்த்து நகைத்த மினுக்கு இது என்பேன்.

கவிதைக் கழகத்தார் புத்தாண்டில் தமக்குள் வழங்கிய சுரிமோனோ என்னும் வாழ்த்துத் தாள்கள் கடைக்கு வாராதவை. ஆதலின் அவற்றில் பித்தளைப் பொடியும் வெண்ணிற உலோகத் தூளும் தாராளமாகப் புழங்கின.

இப்படங்கள் இன்று உலகப் பொருட்காட்சிச் சாலைகளில் கண்ணாடிக்குள் அசையாது தொங்குகின்றன. நூல்களில் காணும் நகல்களும் நேர்முகமாக எடுக்கப்பட்டவை. அவற்றில் அந்த அங்கி வெறுங் கறுப்பாகவே தெரிகின்றது. அக்காலத்து அதிகாரியின் கண்ணுக்கும் அவ்வாறே தெரிந்திருக்கும்.